காசு கொடுத்து வாங்கிய கேமை அணைக்கும் உரிமை அவர்களுக்கு எப்படி வந்தது?

2025 ஜூன் 30

நேராகவே கேட்கிறேன். முழு விலை கொடுத்து ஒரு கேமை வாங்கியாகிவிட்டது. பல வருஷம் கழித்து விற்றவரே வந்து, கேமை இணையம் வழியாக இயக்கும் தன் கணினியை (சர்வரை) அணைத்து, வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆடுவதற்குக்கூட வழி இல்லாமல் செய்துவிட்டால் அது நியாயமா? இல்லவே இல்லை என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாருங்கள், முழுசாகப் பேசிவிடுவோம்.

பேச்சுக்குக் காரணம் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய கேம். 2023 டிசம்பரில் கடைகளிலிருந்து எடுத்தார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். பலர் சேர்ந்து ஆடும் பகுதி மட்டும் போயிருந்தால் நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன். அதில் முழுக் கதை ஒன்று இருக்கிறது, ஒற்றை ஆளாக ஆடி முடிக்கலாம். ஆனால் அதற்கும் சர்வர் தொடர்பு கட்டாயம் என்று செய்து வைத்திருந்ததால் எல்லாம் சேர்ந்து போனது. டிஸ்க் வைத்திருப்பவருக்கும் இதே கதிதான். அடுத்த மாதமே பலருடைய கணக்கிலிருந்து லைசென்ஸையும் பிடுங்கினார்கள்.

அதைப் பார்த்துத்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தை ஆரம்பித்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் முன்முயற்சி என்று ஒரு வழி இருக்கிறது. ஒரே வருஷத்தில் 10 லட்சம் கையெழுத்து, அதோடு குறைந்தது 7 நாடுகளில் அந்தந்த நாட்டுக்குரிய குறைந்தபட்ச எண்ணிக்கை. இரண்டும் கிடைத்தால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியே ஆகவேண்டும். கெடு ஜூலை 31. போன வாரம் வரை பாதிகூட எட்டவில்லை, அவரே நம்பிக்கை இழந்து ஒரு வீடியோ போட்டார். அதற்கப்புறம் பெரிய யூடியூபர்கள் பலர் பேச ஆரம்பித்ததும் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது.

2025 ஜூலை 1

"பழைய கார் கேம்தானே, புதுசு வாங்கி ஆடலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த கேமை ஆடாதவர்கள் சொல்லும் பேச்சு இது. நான் அதை நண்பன் வீட்டில் ராத்திரி ராத்திரியாக ஆடியிருக்கிறேன். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, நடுவில் லோடிங் திரையே இல்லாமல் செய்திருந்தார்கள். டெட்ராய்ட்டில் கிளம்பி, வயல்களைத் தாண்டி, மலையேறி, யூட்டாவின் உப்பு வெளியில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் அழுத்தி, லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரை வரை ஒரே மூச்சில் ஓட்டலாம். முக்கால் மணி நேரம் பிடிக்கும். வழியில் மழை வரும், பொழுது விடியும். போட்டியில் ஜெயிப்பதைவிட இப்படிச் சும்மா ஓட்டுவதற்காகத்தான் எங்களுக்குப் பிடித்தது. இரண்டாம் பாகத்திலும் அமெரிக்காதான், ஆனால் அந்த வரைபடமும் அந்தக் கதையும் இல்லை. புதுசு வாங்கினால் பழசு கிடைத்துவிடும் என்பது உண்மை இல்லை.

அப்புறம், ஒன்றைத் திருத்தவேண்டும். "கேமை சொந்தமாக வைத்திருக்காமல் பழகிக்கொள்ளுங்கள் என்று யூபிசாஃப்ட்காரர் ஆடுபவர்களைப் பார்த்துச் சொன்னார்" என்று ஒரு மீம் சுற்றுகிறது. 2024 ஜனவரியில் பிலிப் ட்ரெம்ப்ளே பேசியது சந்தா சேவையைப் பற்றி. சந்தா வளரவேண்டும் என்றால் மக்களிடம் அந்தப் பழக்கம் வரவேண்டும் என்ற பொருளில் சொன்னார். அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் அவர் சொன்னதைத் திரித்துச் சண்டை போடவேண்டிய அவசியம் நமக்கு இல்லை. சந்தாவுக்கு மாதம் இவ்வளவு, நிறுத்தினால் போய்விடும் என்று முதலிலேயே தெரியும். அதில் ஏமாற்று இல்லை. முழு விலை வாங்கிக்கொண்டு, முடிவுத் தேதியைச் சொல்லாமல் விற்பதில்தான் இருக்கிறது.

2025 ஜூலை 3

10 லட்சம் தாண்டியாகிவிட்டது!

2025 ஜூலை 3, இரவு

சந்தோஷத்தில் இங்கிருந்தே கையெழுத்துப் போடப்போவதாக இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமை இருப்பவர்கள் மட்டுமே போடலாம். சரிபார்க்கும்போது செல்லாத கையெழுத்துகள் கழிந்துவிடும், மொத்தம் 10 லட்சத்துக்குக் கீழே போனால் எல்லா உழைப்பும் வீண். அதனால்தான் இன்னும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

நம் ஆட்களில் பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க் குடியுரிமை வாங்கிய ஈழத்து உறவுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள். நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்தில் இல்லை, அந்தக் குடியுரிமை மட்டும் இருந்தால் போட முடியாது. லண்டன்காரர்களுக்கு வேறு மனு, அது பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குப் போவது.

2025 ஜூலை 6

கேம் நிறுவனங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பான வீடியோ கேம்ஸ் ஐரோப்பா பதில் அறிக்கை விட்டிருக்கிறது. சாரம் இதுதான்: லாபம் இல்லாதபோது ஆன்லைன் சேவையை நிறுத்த எங்களுக்கு வழி இருக்கவேண்டும், தனியார் சர்வர்களை அனுமதித்தால் ஆடுபவர்களின் தகவல் பாதுகாப்பு, சட்டவிரோத உள்ளடக்கத்தை நீக்குவது எல்லாம் எங்கள் கையில் இருக்காது, பொறுப்பு மட்டும் எங்கள் தலையில் விழும், பல கேம்கள் அடிப்படையிலேயே ஆன்லைனுக்காக உருவானவை, இந்தக் கோரிக்கையால் செலவு கட்டுப்படியாகாமல் போகும்.

முதல் பாயிண்டில் சண்டையே இல்லை. சர்வரை என்றைக்கும் ஓட்டிக்கொண்டே இருங்கள் என்று இந்த இயக்கம் கேட்கவில்லை. நிறுத்துங்கள், ஆனால் நிறுத்தும் நாளில் கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறது. காப்புரிமையைக் கொடு என்றோ, மூல நிரலைக் கொடு என்றோ கேட்கவில்லை.

"தனியார் சர்வர் முடியாது" என்பதைக் கேட்டால் எனக்கு ஹாஸ்டல் ஞாபகம்தான் வருகிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6. எங்கள் பிளாக்கில் ஜன்னல் வழியாக அறைக்கு அறை நீல கேபிள் இழுத்து, வராந்தா முனையில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தோம். இன்டர்நெட்டே கிடையாது. யாராவது ஒருத்தன் கம்ப்யூட்டரில் சர்வரை ஓட்டுவான், மற்றவர்கள் ஐபி எண்ணை அடித்து உள்ளே வருவோம், டஸ்ட் 2 வரைபடம், பரீட்சைக்கு முதல் நாள்கூட. அந்த சர்வர் மென்பொருளை வால்வ் நிறுவனமேதான் வெளியே கொடுத்திருந்தது. அதனால்தான் ஊர் ஊராக பிரௌசிங் சென்டர்களில் அது ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது. யாருடைய தகவலும் எங்கேயும் போகவில்லை, எங்கள் சர்வரில் நாங்கள் போட்ட கூச்சலுக்கு யாரும் வால்வ் மேல் வழக்குப் போடவும் இல்லை. முன்னால் முடிந்த ஒன்றை இப்போது முடியாது என்றால், முடியாதபடிக் கட்டினார்கள் என்று அர்த்தம்.

இன்றைக்கும் மனசிருப்பவர்கள் செய்கிறார்கள். சோனியின் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் சர்வர் 2024 ஜனவரி 31-இல் நின்றது, அதற்கு முன்பே கடைசி அப்டேட்டில் ஒற்றை ஆள் ஆட்டத்தின் சேமிப்பை ஆஃப்லைனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 2023 ஜூனில் மூடிய நாக்அவுட் சிட்டிக்கு, சொந்த சர்வரில் ஓட்டும் பதிப்பையே வெளியிட்டார்கள். ரெட்ஃபால் இன்னும் ஆச்சரியம்: அதைச் செய்த ஆர்கேன் ஆஸ்டின் ஸ்டூடியோவை 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மூடியது. அதே மாதம் கேமின் கடைசி அப்டேட் வந்தது, அதில் ஆஃப்லைன் வசதி இருந்தது. வேலை போகும் நிலையில் இருந்தவர்கள் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

2025 ஜூலை 7

நேற்று எழுதியதில் ஒரு இடத்தில் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் இருக்கும் பெரிய ஆன்லைன் கேம்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று இங்கே மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு நண்பர் கேட்டார். அந்த சர்வர் ஒற்றை நிரல் கிடையாது, பத்துப் பதினைந்து சேவைகள் சேர்ந்தது, அதில் சிலது வேறு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்தது, அதை வெளியே கொடுக்கும் உரிமை இவர்களுக்கே இருக்காது. உண்மைதான். நானும் வேலையில் இந்த மாதிரி முடிச்சுகளைப் பார்த்திருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிரித்து எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அதனால் என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். ஏற்கெனவே ஓடும் கேம்களை விட்டுவிடலாம். இனி புதிதாக உருவாக்குபவர்கள் முதல் நாளிலேயே முடிவைத் திட்டமிட்டுக் கட்டட்டும். வாடகைச் சேவைக்கு ஒப்பந்தம் போடும்போதே அதையும் எழுதிக்கொள்ளலாம். ஆரம்பத்திலேயே யோசித்தால் செலவு கொஞ்சம், கடைசி நாளில் யோசித்தால்தான் கட்டுப்படியாகாது. முடியவே முடியாது என்கிறவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். கான்கார்ட் என்ற ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்ட் 23-இல் வந்து செப்டம்பர் 6-இல் மூடப்பட்டது. வாங்கிய எல்லோருக்கும் சோனி முழுப்பணத்தையும் திருப்பித் தந்தது. அந்த கேமைப் பற்றி யாரும் ஏமாந்தேன் என்று சொல்வதில்லை.

கலிஃபோர்னியா சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 ஜனவரி முதல் அங்கே டிஜிட்டல் கடைகள் "இது லைசென்ஸ் மட்டுமே" என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டது. எனக்கு அதில் திருப்தி இல்லை. எப்போது அணைப்பார்கள் என்று அந்த வரி சொல்வதில்லை. "அதான் முன்னாடியே சொன்னோமே" என்று நாளைக்கு அவர்கள் கையைக் காட்ட ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

2025 ஜூலை 9

படங்களுக்கும் இதே நிலைதான் என்று சொன்னவருக்கு: ஆமாம், அது இன்னும் வயிற்றெரிச்சல். 'வில்லோ' தொடர் 2022 நவம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது, 2023 மே மாதம் அங்கிருந்தே தூக்கிவிட்டார்கள். எடுத்து முடிக்கும் நிலையில் இருந்த 'பேட்கேர்ள்' (Batgirl) படத்தை வெளியிடப்போவதில்லை என்று 2022 ஆகஸ்டில் வார்னர் நிறுவனம் முடிவு செய்தது, வரிக் கணக்குக்காகப் பெட்டியில் போட்டது என்று ஹாலிவுட் பத்திரிகைகள் எழுதின.

நாம் இதைப் பற்றிப் பேசும்போது நம் வரலாற்றை மறக்கக்கூடாது. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம், இன்று ஒரு பிரதி இல்லை. 1931-இல் வந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும், அதையும் பார்க்க முடியாது. அன்றைக்குப் படச்சுருள் நைட்ரேட், தீப்பிடிக்கும், உருகும், வெள்ளிக்காக உரித்து விற்றும் விடுவார்கள். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமே 1964-இல்தான் புனேயில் வந்தது, அதற்குள் பாதிக்கும் மேல் போயாகிவிட்டது. அந்தக் காப்பகத்தை வளர்த்த பி. கே. நாயர் ஊர் ஊராக அலைந்து மீட்டதால்தான் இருப்பதாவது இருக்கிறது.

தி க்ரூவின் யூடியூப் வீடியோக்களை இப்போது பார்க்கும்போது, கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம் மட்டும் மிஞ்சிய பழைய படம் மாதிரித்தான் எனக்குத் தோன்றுகிறது. கதை தெரியும், பாட்டு வரி தெரியும், படம் இல்லை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்தப் படங்கள் அலட்சியத்தால் அழிந்தன, பணமும் அறிவும் போதாமல் அழிந்தன. இந்த கேம்களின் பிரதி லட்சக்கணக்கான வீடுகளில் பத்திரமாக இருக்கிறது, திறக்கும் சாவியை மட்டும் வேண்டுமென்றே எடுத்துவிடுகிறார்கள்.

2025 ஜூலை 13

இந்தியச் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்டவருக்காகக் கொஞ்சம் படித்தேன். நான் வக்கீல் இல்லை, சட்டத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு பிரிவு உண்டு, 2(46). தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வழி செய்யும் நிபந்தனையையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தும் கேம் ஒப்பந்தங்கள் பலவற்றில் இருப்பது இதேதான்.

சிக்கல் என்னவென்றால், நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாவட்ட ஆணையத்தில் போட முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போகவேண்டும். 900 ரூபாய் கேமுக்காகத் தென்காசியிலிருந்து ஒருத்தர் மதுரையில் இருக்கும் மாநில ஆணையத்தின் அமர்வுக்கு நடையாய் நடக்கவேண்டும். யார் நடப்பார்? பலர் சேர்ந்து போட்டால் பலன் இருக்கும். இங்கே சட்டம் படித்தவர்கள் யாராவது இருந்தால் அதைப் பற்றி எழுதுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

2025 ஜூலை 14

இலவச கேம்களுக்கு இது பொருந்துமா என்றால்: இலவசச் சேவை நேற்று சொன்ன நுகர்வோர் சட்டத்தின் 'சேவை' விளக்கத்துக்குள் வராது. ஆனால் உள்ளே காசு கொடுத்து வாங்கும் பொருட்கள்? எனக்கே நடந்தது இது. போனில் ஒரு கிரிக்கெட் கேம், பெயர் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி ஒரு அணியையே சேர்த்திருந்தேன். ஒரு நாள் திறந்தால் "சேவை முடிந்தது, ஆதரவுக்கு நன்றி" என்று ஒரு பக்கம். மெயில் போட்டேன், நிபந்தனைகளைப் பார்க்கவும் என்று ஒரு லிங்க் அனுப்பினார்கள். பெரிய தொகை இல்லை. தம்பியும் நானும் அதில் ஆடிய போட்டிகளின் ஸ்கோர்கூட மிஞ்சவில்லை என்பதுதான் கோபம்.

பப்ஜியை இதில் சேர்க்காதீர்கள், அது வேறு. 2020 செப்டம்பர் 2-இல் தடை செய்தது அரசு. பிறகு 2021-இல் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழியும் கொடுத்தார்கள். மனசிருந்தால் எடுத்துக் கொடுக்கலாம் என்பதற்கு அதையே உதாரணமாகச் சொல்லலாம்.

2025 ஆகஸ்ட் 1

கெடு முடிந்தது. 14 லட்சத்துக்கும் மேல். கழித்தது போகவும் தேறும் என்று நம்புகிறேன். "உடனே சட்டம் வந்துவிடுமா?" வராது. ஆணையம் விசாரிக்கும், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேச வாய்ப்புக் கிடைக்கும், கடைசியில் "ஒன்றும் செய்யப்போவதில்லை" என்றுகூட அவர்கள் காரணத்தோடு சொல்லலாம். ஆனால் பதில் எழுத்தில் வந்தாகவேண்டும்.

2025 செப்டம்பர் 16

தி க்ரூ மறுபடி ஓடுகிறது! யூபிசாஃப்ட் செய்யவில்லை, ரசிகர்கள் செய்தார்கள். 'தி க்ரூ அன்லிமிடெட்' என்ற பெயரில் சர்வரைப் போலவே பதில் சொல்லும் மென்பொருளை எழுதி நேற்று வெளியிட்டிருக்கிறார்கள். பிசி பதிப்பு கையில் இருக்கவேண்டும். ஆஃப்லைனாகவே ஆடலாம்.

இதை எப்படிச் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சர்வர் உயிரோடு இருந்தபோது கேமுக்கும் அதற்கும் நடந்த தகவல் பரிமாற்றத்தைப் பிடித்து வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில் போகவேண்டும் என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் இந்த மாதிரி வேலைகளின் வழி. சம்பளம் இல்லாத ஆட்கள், மூல நிரல் கையில் இல்லாமல். ஜூலை 6-இல் நான் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். உள்ளே இருந்தவர்களுக்கு இது எத்தனை சுலபமாக இருந்திருக்கும்.

யூபிசாஃப்டுக்கு ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சத்தத்துக்கு அப்புறம், தி க்ரூ 2-க்கும் அதே வரிசையில் அடுத்து வந்த மோட்டார்ஃபெஸ்டுக்கும் ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்று ஆகிறது. ஆகவே கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

2025 நவம்பர் 4

நேற்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மனு மீது விவாதம் நடந்தது. பேசிய உறுப்பினர்களில் பலர் ஆடுபவர்கள் பக்கம் நின்றார்கள். அரசின் பதில் மட்டும் பழையபடி: நுகர்வோர் சட்டத்தை மாற்றும் திட்டம் இல்லை, வாங்குபவருக்குத் தகவல் தெளிவாகக் கிடைக்கவேண்டும். தகவல், தகவல் என்று மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். ஏமாற்றம்தான். ஆனால் வீடியோ கேமைப் பற்றி, வன்முறை, அடிமைத்தனம் என்ற பேச்சு இல்லாமல், அது காக்கவேண்டிய ஒரு படைப்பு என்று ஒரு நாடாளுமன்றத்தில் பேசிக் கேட்டது எனக்குப் பெரிய விஷயம். நம் ஊரில் ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் முக்கியமாகப் பண ஆட்டத்தைப் பற்றியது. அது தேவைதான். வாங்கிய கேமின் ஆயுளைப் பற்றியும் ஒருநாள் பேசவேண்டும்.

2026 ஜனவரி 13

ஆந்தம் நேற்றோடு முடிந்தது. 2019 பிப்ரவரியில் இஏ நிறுவனம் முழு விலைக்கு விற்ற கேம். கதை சுமார், ஆடும்போது பரிசாகப் பொருட்கள் கிடைக்கும் (லூட்) அமைப்பு மோசம், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு மலை உச்சியிலிருந்து குதித்து, சூடேறியதும் அருவிக்குள் புகுந்து குளிர வைத்துக்கொண்டு மறுபடி மேலே பறப்பது இருக்கிறதே, அந்த மாதிரி வேறு எந்த கேமிலும் நான் பறந்ததில்லை. கடைசி நாளில் உள்ளே போய்ப் பறந்தவர்களின் வீடியோக்கள் நிறைய வந்திருக்கின்றன. டிஸ்க் கடைகளில் இன்னமும் பழைய ஸ்டாக் கிடக்கலாம், தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்.

"நாம் என்ன செய்யலாம்" என்று தனிச்செய்தியில் கேட்ட தம்பிக்கு இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். ஒற்றை ஆள் கேம் என்றால் முதலில் ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடையில் இருக்கிறதா என்று பார். அங்கே ஆஃப்லைன் இன்ஸ்டாலர் தருகிறார்கள், நிறுவியபின் சர்வர் அனுமதி எதுவும் கேட்காது. வாங்கினால் மட்டும் போதாது, இறக்கி வைக்கவேண்டும். பெரிய கேம் 4 ஜிபி துண்டுகளாக வரும், எல்லாத் துண்டும் ஒரே போல்டரில் இருக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் நிறுவாது. வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டதும் வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை நிறுவி ஓட்டிப் பார்த்துவிடு. எந்த டிஸ்க் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய், 2 டிபி சாதாரண ஹார்டு டிஸ்க் போதும், இதற்கு எஸ்எஸ்டி தேவையில்லை.